ஐம்பதாவது எதிராளி யார்?



எழுத்துப்பிழை, சந்திப்பிழை, கட்டுரைப் பயிற்சி என்றே எழுதிக்கொண்டிருக்கும் இவன், திடீரெனக் குத்துச்சண்டையைப் பற்றி எழுத வந்துவிட்டானே எனத் தாங்கள் வியக்கக்கூடும். காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ராக்கி மார்சியானோ என்னும் பெயரை மூத்தவர்கள் சிலர் அறிந்திருப்பர். 1923ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிராக்டன் நகரில், காலணித் தொழிற்சாலை ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஹெவிவெய்ட் பிரிவுக்கு அவர் உருவத்தாற் சிறியவர், கைகளும் குட்டை. 1952 செப்டம்பர் 23ஆம் நாள் பிலடெல்பியாவில் உலக வெற்றியாளர் ஜெர்சி ஜோ வால்காட்டை எதிர்த்தபோது முதற்சுற்றிலேயே கீழே வீழ்ந்தார். புள்ளிகளிலும் பின்தங்கியே இருந்தார். பதின்மூன்றாம் சுற்றில் அவரது வலக்கையின் ஒரே குத்து பட்டத்தைப் பறித்துத் தந்தது. பின்னர் ஆறு முறை பட்டத்தைக் காத்தார். 1956 ஏப்ரல் 27ஆம் நாள், தம் 32ஆம் அகவையில், குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று கூறி ஓய்வை அறிவித்தார். 49 போட்டிகள், 49 வெற்றிகள். அவற்றுள் 43 எதிராளியை எழவிடாமற் செய்த வெற்றிகள்.

ஐம்பதாவது எதிராளி யாராக இருந்திருப்பார், அவரிடம் இவர் தோற்றிருப்பாரா என்னும் வினாவை அன்று முதல் உலகம் விடவில்லை.

முதலிற் சொல்லப்படும் பெயர் ஃபிளாய்ட் பேட்டர்சன். மார்சியானோ விட்டுச்சென்ற பட்டத்தை அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், 21ஆம் அகவையில், ஆர்ச்சி மூரை ஐந்தாம் சுற்றில் வீழ்த்திக் கைப்பற்றியவர். அந்த மூர்தான் மார்சியானோவின் இறுதி எதிராளியும் ஆவார். 1955 செப்டம்பரில் இரண்டாம் சுற்றில் மார்சியானோவைத் தரையில் வீழ்த்தியவர், ஒன்பதாம் சுற்றில் தாமே எழ இயலாமற்போனார். பேட்டர்சனின் கைகள் மின்னல். ஆனால் அடி தாங்கும் வலிமை குறைவு. 1959 ஜூனில் சுவீடன் நாட்டு இங்கிமார் ஜோஹான்சன் ஒரே சுற்றில் அவரை ஏழு முறை வீழ்த்திப் பட்டத்தைக் கொண்டுபோனார். ஆகவே, 1957இல் இவ்விருவரும் மோதியிருந்தால் மார்சியானோவே வென்றிருப்பார் என்பது என் துணிபு.

சன்னி லிஸ்டன் செய்தி வேறு. அவரது கைவீச்சு ஏறக்குறைய 84 அங்குலம். மார்சியானோவினுடையதோ ஏறக்குறைய 68. பதினாறு அங்குல வேறுபாட்டைக் கடந்து உள்ளே நுழைவதற்குள் எத்தனை குத்துகளை வாங்க வேண்டியிருக்கும்! 1962இலும் 1963இலும் பேட்டர்சனை முதற்சுற்றிலேயே சாய்த்தவர் லிஸ்டன். அவர் உச்சத்தை எட்டியபோது மார்சியானோவுக்கு நாற்பதை நெருங்கும் வயது. அங்கே தோல்வி காத்திருந்தது என்றே நான் கருதுகிறேன். மார்சியானோ அன்பர்கள் சினம் கொள்ள வேண்டா.

முகமது அலியோடு அவர் 'மோதிய' கதை சுவையானது. 1975 ஜூலை முதல் நாள் நம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரைப் பதினைந்து சுற்றுகளில் வென்ற அதே அலிதான். 1969இல், கட்டாய இராணுவச் சேவையை மறுத்ததற்காக அவர் களத்திலிருந்து விலக்கப்பட்டிருந்த வேளை, இருவரையும் நடிக்க வைத்துப் படமெடுத்தனர். முடிவைக் கணினியிடம் விட்டனர். மார்சியானோ உடல் எடையைக் குறைத்து, தலையில் பொய்முடி அணிந்து நடித்தார். 1970 ஜனவரியில் திரையிடப்பட்டபோது பதின்மூன்றாம் சுற்றில் அவரே வென்றதாகக் காட்டப்பட்டது. அதனைக் காண அவர் இல்லை. 1969 ஆகஸ்டு 31ஆம் நாள், 46ஆம் பிறந்த நாளுக்கு முந்தைய மாலை, சிறு விமான விபத்தில் இறந்திருந்தார். கணினி எதையும் மெய்ப்பிக்கவில்லை. உள்ளே நாம் எதை இடுகிறோமோ அதையே அது திருப்பித் தரும்.

இனிக் காரணத்திற்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் ஆண்டு 6 மாணவன் ஒருவன் இருக்கிறான். மூன்றாம் ஆண்டு முதல் தொடர்ந்து மூன்று முறை மாவட்டக் கதை சொல்லும் போட்டியில் முதற்பரிசு பெற்றவன். இவ்வாண்டு கலந்துகொள்ளப் போவதில்லை என்கிறான். அச்சமா என்று கேட்டேன். "இல்லை ஐயா, கதை சொன்னது போதும். பந்து விளையாடப் போகிறேன்" என்றான். மறுநாளே அவன் தந்தையார் வந்தார். "இன்னும் ஒரே ஒரு முறைதானே ஐயா. நான்கு ஆண்டும் வென்றான் என்றால் பெயர் நிற்கும். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார்.

அந்த 'இன்னும் ஒரே ஒரு முறை' என்னும் சொல்லே எனக்கு லாரி ஹோம்ஸை நினைவூட்டியது. 48 போட்டிகளில் தோல்வியே அறியாதவர் அவர். மார்சியானோவின் 49ஐ எட்ட ஒன்றே குறை. 1985 செப்டம்பர் 21ஆம் நாள், மார்சியானோ இறுதியாகக் களம் கண்ட நாளிலிருந்து சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, தம்மினும் எடை குறைந்த பிரிவிலிருந்து வந்த மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். மறு ஆண்டும் அவரிடமே தோற்றார். 1988இல் டைசன் நான்காம் சுற்றில் அவரை வீழ்த்தினார். 2002இல் 52ஆம் அகவையில் நிறுத்தியபோது கணக்கில் ஆறு தோல்விகள் இருந்தன. ஆனாலும் அவர் ஆசைப்பட்டே ஆடினார். எவரும் அவரைத் தள்ளிவிடவில்லை. இதனையும் சொல்லத்தான் வேண்டும்.

மார்சியானோவுக்கும் சபலம் வராமலில்லை. 1959இல் ஜோஹான்சன் பட்டம் வென்றபின், திரும்பி வரலாமா என்று ஏறத்தாழ ஒரு மாதம் பயிற்சி செய்து பார்த்தார். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டார். உடல் சொல்லிற்றா, உள்ளம் சொல்லிற்றா, முடிவு அவருடையதாகவே இருந்தது.

அத்தந்தையிடம், பையனை நான் வற்புறுத்தமாட்டேன் என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பின்னர், "அவன் போனால் வெல்வானா, மாட்டானா? உங்கள் மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள்" என்று கேட்டார். வெல்வான் என்றே சொன்னேன். அதுவே என் எண்ணமும். அவருக்கு அது மேலும் வருத்தமளித்ததைக் கண்டேன்.

போட்டிப் பாரத்தில் பெயர் எழுதும் இடத்தை இன்னும் நிரப்பவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஆண்டு 4இல் ஒரு மாணவி இருக்கிறாள். குரல் சற்று மெலிது, ஆனால் கதையை உணர்ந்து சொல்கிறாள். நேற்று ஓய்வு நேரத்தில் அவளுக்கு அவனே கை அசைவுகளைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.