பத்து தடவை ரன் பண்ணிட்டேன், கரெக்டாத்தான் வருது

ஓஎஸ் லேப்ல ஜூனியர்ஸ் என்கிட்ட அதிகம் சொல்வது இதைத்தான்: “அக்கா, பத்து தடவை ரன் பண்ணிட்டேன், கரெக்டாத்தான் வருது.” ஜாவாவில் ரெண்டு த்ரெட். ஒவ்வொன்றும் கவுண்ட் என்ற ஒரே வேரியபிளில் நூறு முறை ஒன்றைக் கூட்டுகிறது. விடை 200. வந்துடுது. அப்புறம் லாக் எதுக்கு?

நியாயமான கேள்விதான். அந்த நூறை ஒரு லட்சமா மாத்தி ஓட்டிப் பாருங்க. பெரும்பாலும் 2,00,000 வராது. ஒவ்வொரு தடவையும் வேற வேற எண் வரும். நூறே முறைன்னா, ரெண்டாவது த்ரெட் கிளம்புறதுக்குள்ள முதல் த்ரெட் வேலையை முடிச்சிடும். ரெண்டும் மோதிக்கவே இல்லை, அவ்வளவுதான். அதை நாம ‘கோடு சரி’ன்னு எடுத்துக்கிறோம்.

குழப்பத்தோட வேர், ஒரு வரி கோடு என்றால் ஒரே வேலைன்னு நினைக்கிறது. கவுண்ட் பிளஸ் பிளஸ் என்று எழுதினால் உள்ளே நடப்பது மூன்று: மதிப்பைப் படிக்கணும், ஒன்றைக் கூட்டணும், திரும்ப எழுதணும். ரெண்டு த்ரெட்டும் 41-ஐப் படித்துவிட்டால், ரெண்டும் 42 என்றே எழுதும். ஒரு கூட்டல் காணாமப் போச்சு. எர்ரர் மெசேஜ்கூட வராது.

இங்கேதான் சிலர் நடுவுல ஸ்லீப் போடுவாங்க. சிலர் என்ன நடக்குதுன்னு பார்க்க பிரிண்ட் போடுவாங்க, உடனே பிழை மறைஞ்ச மாதிரி இருக்கும்! (பிரிண்ட்லைனுக்குள்ளேயே ஒரு லாக் இருக்கு, அது மெதுவாவும் ஓடும்.) ரெண்டுமே டைமிங்கை மட்டும்தான் நகர்த்துது. லாக் போடுறவங்களிலும் சிலர் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி லாக் ஆப்ஜெக்ட் செய்வாங்க. அப்போ யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே லாக் இருக்கணும்.

லேப் மார்க்தானே என்று தோன்றலாம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் அதனால் இறந்தார்கள். 1986-ல் டெக்சாஸின் டைலர் நகரில் நடந்த ரெண்டு விபத்துக்கும் பின்னால் இருந்தது ஒரு ரேஸ் கண்டிஷன். காந்தங்களைச் சரிசெய்ய இயந்திரத்துக்கு சுமார் 8 நொடி தேவை. தப்பா அடிச்சதை ஆப்பரேட்டர் அதற்குள் திருத்திவிட்டால், திரையில் திருத்தம் தெரியும். இயந்திரத்தின் மறுபக்கத்துக்குப் போய்ச் சேராது. மெதுவா டைப் பண்றவங்களுக்கு இது வரவே வராது. கை பழகினவங்களுக்குத்தான் வரும்.

கம்பெனி எஞ்சினியர்கள் வந்து சோதித்தபோது பிழை வரவில்லை. ரெண்டாவது விபத்துக்குப் பிறகு அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் ஆப்பரேட்டரும் உட்கார்ந்து, அதே விவரங்களைத் திரும்பத் திரும்ப, வேகத்தைக் கூட்டிக் கூட்டி அடித்துத்தான் ‘மால்ஃபங்ஷன் 54’ என்ற அந்த மெசேஜைத் திரைக்கு வரவழைத்தார்கள்.