எழுப்பாமல் போனவர்



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பன் கேட்டபோது, "லேத் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "ஒர்க்ஷாப்பிலேயே அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு, மனசில் இருக்கிறதை எழுதுடா" என்றான். மனசில் இருப்பது ஒரு டி.வி. தொடர். சிரிக்காதீர்கள், முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

2013 செப்டம்பரில் ஜீ டி.வி.யிலும் தூர்தர்ஷனிலும் ஞாயிறுதோறும் 'புத்தா' என்றொரு இந்தித் தொடர் ஆரம்பித்தது. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. எங்கள் வீட்டுக் கூரையில் தூர்தர்ஷன் இலவச டிஷ். வீட்டில் யாருக்கும் ஒரு வார்த்தை இந்தி தெரியாது. ஆனாலும் அப்பாயி விடமாட்டார். ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் பாஷை தெரியாமலே பார்த்து அழுத தலைமுறை அல்லவா! "கதை தெரிஞ்சா பாஷை எதுக்குடா?" என்பார்.

நானும் அம்மாவும் அப்பாயியும் பார்ப்போம். அப்பா இல்லை. தொடர் ஆரம்பிப்பதற்கு மூன்று மாதம் முன்னால்தான் மஸ்கட் போயிருந்தார், கட்டட வேலைக்கு. நான் தூங்கிக் கொண்டிருந்தபோது போய்விட்டார். காலையில் எழுந்து பார்த்தேன். ஆணியில் சட்டை இல்லை, வாசலில் செருப்பு இல்லை. "அழுவன்னு எழுப்பலடா" என்றாள் அம்மா. நான் அன்றைக்கெல்லாம் அழுதேன்.

சித்தார்த்தனாக வந்தவர் ஹிமான்ஷு சோனி. யசோதரையாக காஜல் ஜெயின். குழந்தையைப் பார்க்க வரும் அசித முனிவராக கபீர் பேடி. அரண்மனைச் சதியையும் தேவதத்தன் பொறாமையையும் நீட்டி நீட்டிக் காட்டினார்கள். அடிபட்ட அன்னத்துக்காக இரண்டு சிறுவர்களும் சண்டை போடுவது எனக்குப் பிடிக்கும். கிழவர், நோயாளி, பிணம், துறவி என்று நான்கு காட்சிகளைப் பார்த்துவிட்டு அவன் முகம் மாறும்போது, அப்பாயி "அவ்வளவுதான், இனிமே வீட்ல தங்க மாட்டான்" என்று பெருமூச்சு விட்டார்.

அந்த ராத்திரி வந்தது. யசோதரை பிள்ளையோடு தூங்குகிறாள். அவன் வாசலில் நின்று பார்க்கிறான். எழுப்பவில்லை. அம்மா எழுந்து டி.வி.யை அணைத்துவிட்டாள்.

"தூங்குற புள்ளைய எழுப்பாம போறதுக்குப் பேரு துறவா?"

"சாமிய அப்படிப் பேசாதடி" என்றார் அப்பாயி.

"சாமியா இருந்தா என்ன? சொல்லிட்டுப் போனா குறைஞ்சா போயிரும்?"

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தத் தொடர் ஓடவில்லை. அது மொத்தம் 55 வாரம் வந்து 2014-ல் முடிந்தது என்பதே எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அப்பா மூன்று வருஷம் கழித்து வந்தார். எனக்கு ஷூ வாங்கி வந்திருந்தார். ஏழு வயசுக் காலுக்கு வாங்கிய ஷூ! பத்து வயசுக் காலில் அது பாதிகூட ஏறவில்லை. அவர் ஷூவையும் பார்த்தார், காலையும் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு இங்கேயே சித்தாள், கொத்தனார் என்று வேலைக்குப் போனார். ஒரே வீட்டில் இருந்தும், காசு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் கேட்பேன். அப்படியே பழகிவிட்டது.

போன செமஸ்டர் ஸ்டடி ஹாலிடேஸ். எனக்கு கணக்கில் அரியர். படிக்க வேண்டிய நேரத்தில் படிப்பைத் தவிர எல்லாம் இனிக்கும், உங்களுக்குத் தெரியாததா? ரூம்மேட் செல்போனில் அதே தொடர். அம்மா அணைத்த இடத்திலிருந்து நான் பார்க்க ஆரம்பித்தேன்.

பார்க்கப் பார்க்க, லைப்ரரியிலும் தேடிப் படித்தேன். இந்தக் கதையைப் படம் பிடிப்பது புதிதல்ல. 1925-லேயே ஹிமான்ஷு ராய் கௌதமராக நடித்த 'பிரேம் சன்யாஸ்' என்ற மௌனப்படம் வந்திருக்கிறது. எட்வின் அர்னால்டின் நூலை வைத்து எடுத்தது. அதே நூலைத் தழுவித்தான் நம் கவிமணி 'ஆசிய ஜோதி' பாடினார். 2013-ல் இந்தத் தொடருக்கு நேபாளத்தில் பெரிய எதிர்ப்பு. புத்தர் இந்தியாவில் பிறந்தார் என்று விளம்பரத்தின்போது சொன்னதால் அங்கே கேபிள்காரர்கள் ஜீ டி.வி.யையே நிறுத்திவிட்டார்கள். நியாயம்தானே! புத்தர் பிறந்த லும்பினி நேபாளத்தில் இருக்கிறது. 'இங்கேதான் பிறந்தார்' என்று அசோகர் வெட்டி வைத்த கல்தூண் இன்னும் நிற்கிறது.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறு விஷயம். ராத்திரியில், மனைவி பிள்ளை தூங்க, கந்தகன் என்ற குதிரையில் ஏறிப் போனார் என்பதெல்லாம் பின்னால் எழுந்த சரித்திரங்களில் வருவது. பழைய பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தில் புத்தரே தம் கதையைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அங்கே குதிரை இல்லை, ராத்திரி இல்லை. பெற்றவர்கள் விருப்பமில்லாமல் கண்ணீரோடு நிற்கும்போதே தலையை மழித்து வெளியேறியதாகத்தான் சொல்கிறார். அதாவது அவர்கள் முழித்துக்கொண்டுதான் இருந்தார்கள்!

எது நடந்ததோ, நமக்குத் தெரியாது. சாஞ்சி தோரணத்தில் இந்தக் காட்சியைச் செதுக்கிய சிற்பி புத்தரையே காட்டவில்லை. குதிரை போகிறது, மேலே குடை போகிறது, முதுகில் யாருமில்லை. ஆணியில் சட்டை இல்லாத அந்தக் காலைதான் எனக்கு ஞாபகம் வந்தது. டி.வி.க்காரர்களுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவர்கள் ஒரு முகத்தைக் காட்டியே ஆகவேண்டும், அந்த முகத்தின் மேல் எங்கம்மாவுக்குக் கோபம் வந்தே ஆகவேண்டும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை நண்பர்களே. அவர் திரும்பி வருகிறார். கபிலவஸ்துவில், தன் சொந்த ஊர்த் தெருவிலேயே, ஓடேந்திப் பிச்சை எடுக்கிறார். யசோதரை அவரைப் பார்க்க வரவில்லை. 'என்னிடம் மதிப்பு இருந்தால் அவரே வரட்டும்' என்று இருந்துவிடுகிறாள். அவர்தான் அவள் இருக்குமிடம் போகிறார். மகன் ராகுலன் பின்னாலேயே போய் 'என் பங்கைக் கொடுங்கள்' என்று கேட்கிறான். அவர் அவனையும் துறவியாக்கிவிடுகிறார். கிழவர் சுத்தோதனர் உடைந்துபோகிறார். மகன் போனபோது வலித்தது, இப்போது பேரனும் போனால் அந்த வலி தோலை அறுத்து எலும்பு மஜ்ஜை வரைக்கும் போகிறது என்று முறையிடுகிறார். இனி யாருடைய பிள்ளையையும் பெற்றவர் சம்மதம் இல்லாமல் சேர்க்கக் கூடாது என்று வரம் கேட்கிறார்.

புத்தர் ஒப்புக்கொண்டார். சங்கத்தில் அது விதியானது. இன்றைக்கும் துறவு வாங்கப் போகிறவனிடம் 'தாய் தகப்பன் அனுமதி வாங்கினாயா?' என்று கேட்டுத்தான் சேர்க்கிறார்கள். நம் ஹாஸ்டல் அவுட்பாஸில் பெற்றோர் கையெழுத்துக் கேட்கிறார்களே, அது மாதிரி! எல்லாம் அறிந்தவர் என்று உலகம் கும்பிடுகிறவர், அப்பாவின் கண்ணீரைப் பார்த்துச் சட்டத்தை மாற்றினார். கரண்ட் போன ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து இதை யோசித்தேன். போதி மரத்தடியை விட அந்த இடத்தில்தான் அவர் எனக்குப் பெரியவராகத் தெரிந்தார்.

அன்று ராத்திரியே அம்மாவுக்கு போன் போட்டேன். "அம்மா, நீ டி.வி.யை அணைச்ச பிறகு அவர் திரும்பி வந்தாரும்மா." அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா பக்கத்துலதான் இருக்காரு, தரவா?" என்றாள்.

பன்னிரண்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். "ஏம்ப்பா அன்னிக்கு என்னை எழுப்பல?"

அந்தப் பக்கம் இருமல் சத்தம். அப்புறம், "எழுப்பியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்டா. வட்டிக்காரன் வாசல்ல நின்ன நேரம். உன் கால் அளவை மட்டும் நூல்ல எடுத்துக்கிட்டுப் போனேன்" என்றார்.

அந்த ஷூவுக்கு அளவு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் செய்தது சரியா தப்பா என்று இன்னும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவின் கோபமும் நியாயம்தான். ஆனால் இப்போது நான் நேராக அவரிடமே காசு கேட்கிறேன், அவரும் திட்டிக்கொண்டே அனுப்புகிறார்!

இறுதியாண்டு நண்பர்களே, கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று நாமெல்லாம் கிளம்பப் போகிறோம். பஸ் பெரும்பாலும் விடியற்காலை நாலு மணிக்குத்தான் இருக்கும். வீட்டில் எல்லோரும் தூங்கிக் கொண்டிருப்பார்கள். தூக்கம் கெடுமே என்று பார்க்காதீர்கள்.

எழுப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

- மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு