ஆடவர் மேனி

கிள்ளானிலிருந்து துறைமுகம் நோக்கிச் செல்லும் பெர்சியாரான் ராஜா மூடா மூசா சாலை பண்டமாரானை ஊடறுத்துச் செல்கிறது. கொள்கலன் ஏற்றிய லோரிகள் பகலெல்லாம் அவ்வழியே ஓடுகின்றன. அவற்றை ஓட்டுவோருள் தமிழர் பலர். இருபது, முப்பது ஆண்டுகளை அத்தொழிலிலேயே கழித்துவிட்ட ஒருவரின் இரு கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். வலக்கை இடக்கையினும் கறுத்திருக்கும். வலக் கன்னத்தில் சுருக்கங்கள் மிகுந்திருக்கும். மலேசியாவில் ஓட்டுநர் இருக்கை வலப்புறம் அமைந்திருப்பதே அதற்குக் காரணம். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் வெயிலின் ஒரு கூறு உள்ளே வந்துவிடுகிறது.

நிலத்தை எட்டும் புறஊதாக் கதிர்களை மருத்துவர்கள் இரண்டாகப் பகுத்துப் பேசுவர். 'பி' வகைக் கதிர் தோலைச் சுட்டுக் கன்றச் செய்யும். கண்ணாடி அதனைப் பெரும்பாலும் தடுத்துவிடும். 'ஏ' வகைக் கதிர் அவ்வாறு சுடுவதில்லை. ஆகையால் அது வந்து படுவதும் தெரிவதில்லை. அதுவே கண்ணாடியை ஊடுருவித் தோலின் உள்ளடுக்கை அடைந்து, அங்குள்ள நாரிழைகளைத் தளரச் செய்வது. 2012-ஆம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' ஓர் அமெரிக்கரின் முகப் படத்தை வெளியிட்டது. அவருக்கு வயது 69. அவர் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். அவர் முகத்தின் வலப்பாதி வயதுக்கேற்ப இருக்க, இடப்பாதி மட்டும் தடித்து, ஆழ்ந்த கோடுகள் விழுந்து, மிக மூத்த ஒருவரின் முகம்போல் தோன்றியது. அந்நாட்டில் ஓட்டுநர் அமர்வது இடப்புறம்.

பண்டமாரான் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே மூன்றே பாகையில் உள்ள ஊர். உலகச் சுகாதார நிறுவனத்தின் புறஊதாக் குறியீட்டில் 11-உம் அதற்கு மேலும் மிகக் கடுமையான அளவாகும். வானம் தெளிந்த நண்பகலில் இவ்வட்டாரம் அவ்வளவை எட்டுவது அரிதன்று. அத்தகைய வெயிலில் துறைமுகத்திலும் கட்டுமானத்திலும் சாலையிலும் உழைப்போர் பெரும்பாலும் ஆடவரே. ஆயினும் மேனியைப் பேணுவது பெண்டிர்க்குரிய வேலை என்ற எண்ணம் அவர்களிடையே ஊறிக் கிடக்கிறது. முகத்தில் களிம்பு தடவும் இளைஞன் நண்பர்களின் கேலிக்கு ஆளாகிறான்.

இவ்வெண்ணம் தமிழர்க்குப் பழையதன்று. சங்கப் பாடல்களில் சந்தனச் சாந்து பூசிய மார்பு வேந்தர்க்கும் வீரர்க்கும் உரிய பெருமையாகவே பேசப்படுகிறது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில், பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் மாதவி கூந்தலுக்கு நெய் நீக்கி நீராடுகிறாள். அவ்வளவு விரிவான ஒப்பனை ஆடவர்க்குச் சொல்லப்படவில்லை என்பது உண்மை. எண்ணெய் முழுக்கோ இருபாலார்க்கும் பொது. பெண்டிர்க்கு வெள்ளி, ஆடவர்க்குச் சனி என்று நாள் வகுத்திருந்தனர். ஆத்திசூடியில் நீராடலைப் பற்றி ஔவையார் கூறும் அடியைச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு என்று கொள்வாரும் உளர்; குளிர்ந்த நீரில் குளித்தல் என்று கொள்வாரும் உளர். தமிழாசிரியர்கள் ஓய்வறையில் இது குறித்து நெடுநேரம் வாதிடலாம். வாதம் எங்ஙனம் முடியினும், மேனித் தூய்மையை அவ்வை ஆண், பெண் என்று பிரித்துச் சொல்லவில்லை.

தோட்டப்புறத்தில் இவ்வழக்கம் நெடுங்காலம் நிலைத்திருந்தது. ரப்பர்ப் பாலின் நெடி உடலைவிட்டுப் போக வேண்டுமே! லயத்துக் குழாயடியில் சீயக்காயும் அரப்பும் ஆடவர் தலையிலும் ஏறின. பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் இடமாயின. மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அப்போது மறைந்த வழக்கங்களுள் சனிக்கிழமை முழுக்கும் ஒன்று. சோம்பலை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்வது நீதியாகாது. இரவும் பகலும் முறை மாற்றி ஓடும் தொழிற்சாலைக்குச் சனிக்கிழமை ஏது?

முழுக்கு போன இடத்தில் எஞ்சியது ஒரே ஒரு சவர்க்காரக் கட்டி. தலைக்கும் அதுவே, முகத்துக்கும் அதுவே, சில வீடுகளில் சவரத்துக்கும் அதுவே. மனிதத் தோலின் மேலடுக்கை மருத்துவ நூல்கள் செங்கற்சுவருக்கு ஒப்பிடும். உலர்ந்த உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றிடையே நிறைந்துள்ள கொழுப்பு, சுவரின் சாந்து. உள்ளிருக்கும் நீரை வெளியே விடாமலும் வெளியிலுள்ள கிருமியை உள்ளே விடாமலும் காப்பது அச்சுவரே. அதன் மேற்பரப்பு சிறிதளவு அமிலத் தன்மை உடையது; அதன் பிஎச் அளவு 5-ஐ ஒட்டியிருக்கும். பழைய முறையில் செய்த சவர்க்காரத்தின் அளவோ 9 முதல் 10 வரை. நாள்தோறும் இருமுறை மூன்றுமுறை அதனை அழுத்தித் தேய்த்தால், அழுக்கோடு சாந்தும் கரைந்து போகும். குளித்தபின் முகம் 'விண்'ணென்று இழுக்கிறதே, அதனைத் தூய்மையின் அறிகுறி என்று பலர் மகிழ்கின்றனர். உண்மையில் அது தோலின் முறையீடு.

உழைப்பாளரின் தோலைப் பற்றிக் கவலைப்பட்ட மருத்துவர் ஒருவரின் கதை இங்கே நினைக்கத் தக்கது. சென்னையில் இரயில்வே மருத்துவராகப் பணியாற்றிய வி. பி. சித்தன், தொழிலாளர்கள் தோல் நோயால் வருந்துவதைக் கண்டார். தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த மூலிகைத் தைலத்தைச் சவர்க்காரமாக்கி, 1969-இல் கையாலேயே செய்து வழங்கலானார். 'மெடிமிக்ஸ்' என்று பின்னர்ப் பெயர்பெற்றது அதுதான். எல்லார்க்கும் அதுவே ஏற்றது என்பதன்று இங்குக் கருத்து. எண்ணெய்ப் பிசுக்கிலும் கரியிலும் உழல்வோரின் தோல், மருத்துவர் ஒருவர் கவலைப்படத் தக்க பொருளாக இருந்தது என்பதே.

அன்றாடம் செய்ய வேண்டுவது மிகச் சிறிது. காலையில் மென்மையான முகக் கழுவியால் முகத்தைக் கழுவ வேண்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முற்றும் உலருமுன் ஈரப்பசைக் களிம்பைப் பூச வேண்டும். அதன்மேல் வெயில் தடுப்புக் களிம்பு. இரவில் மீண்டும் கழுவி, ஈரப்பசைக் களிம்பை மட்டும் பூசினால் போதும். பல் துலக்கும் வேளையோடு இதனை இணைத்துக்கொண்டால் தனியே நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கடைத்தெருவில் பத்துப் பன்னிரண்டு குப்பிகளை வரிசையாக அடுக்கி, இவை அனைத்தும் இன்றியமையாதன என்று விற்போரின் பேச்சை ஒதுக்கிவிடலாம். ஆடவர் தோல் பெண்டிர் தோலைவிடச் சற்றுத் தடித்தது. எண்ணெய்ச் சுரப்பும் அதில் மிகுதி. ஆதலின் களிம்பு பிசுபிசுப்பற்றதாய், நீர்த்தன்மை மிகுந்ததாய் இருத்தல் நலம்.

தேங்காயெண்ணெய் ஆகாதா என்று வீட்டுப் பெரியோர் வினவுவர். ஆகும்; இடம் அறிந்து தடவினால் ஆகும். வறண்ட காலுக்கும் கைக்கும் அது நல்ல காப்பு. பிலிப்பீன்சில் நடத்தப்பெற்று 2004-இல் வெளியான ஓர் ஆய்வும் வறண்ட தோலுக்கு அது ஏற்றதெனக் கண்டது. முகப்பரு மிகுந்த மாணவன் அதனை முகத்தில் பூசினால், மயிர்த்துளைகள் அடைபட்டுப் பரு பெருகும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாக் கடைகளில் கிடைக்கும் பச்சைப்பயறு மாவையும் இவ்வாறே கருதலாம். அது நல்லதுதான், பரு உள்ள முகத்தில் பரபரவென்று தேய்க்கும் கைதான் கேடு செய்வது.

வெயில் தடுப்புக் களிம்பில் இளைஞர் தவறுவது அளவில். எஸ்பிஎஃப் 30 என்று குறித்த களிம்பு, 'பி' வகைக் கதிரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கைத் தடுக்கும் என்பர். முகத்துக்கும் கழுத்துக்குமாக ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசினால்தான் அக்கணக்கு பொருந்தும். பயற்றளவு தொட்டு வைத்தால் பொருந்தாது. 'ஏ' வகைக் கதிரையும் தடுக்கும் என்ற குறிப்பு உறையில் உள்ளதா என்று பார்ப்பது லோரி ஓட்டுநர்க்குக் கட்டாயம். வெளியில் வேலை செய்வோர் இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். கூலி வேலை செய்பவரின் பை இதற்கு இடங்கொடுக்குமா? கொடாவிடின் துணி உண்டு. மேற்சட்டையை முன்பின்னாக அணிந்து மோட்டார் சைக்கிளில் பறக்கும் மலேசிய இளைஞனைக் கண்டு வெளிநாட்டார் வியப்பர். காற்றுக்காக அவன் செய்துகொண்ட அந்த ஏற்பாடு, கைகளுக்கும் மார்புக்கும் செலவில்லாத வெயில் காப்பாகவும் அமைந்துவிட்டது.

சவரம் ஆடவர்க்கே உரிய தொல்லை. சுருண்ட மயிர் உடையவர் தோலோடு ஒட்ட மழித்தால், முளைக்கும் மயிர் வளைந்து தோலுக்குள்ளேயே புகும். தாடைக்கடியில் கொப்புளங்கள் எழும். அவை ஆறிய பின்னும் கரும்புள்ளிகள் நெடுநாள் நிற்கும். வெந்நீரால் நனைத்து, மயிர் வளரும் திசையிலேயே கூரிய கத்தியால் ஒருமுறை மழித்து நிறுத்துவது இதனைத் தவிர்க்கும் வழி. சவர்க்கார நுரையினும் சவரக் களிம்பு மேல்.

இங்குச் சொன்ன கரும்புள்ளியிலிருந்துதான் பெரிய கேடு தொடங்குகிறது. புள்ளியை நீக்கக் களிம்பு தேடிக் கடைக்குப் போகும் பதினேழு வயது மாணவன், நிறத்தையே மாற்றும் களிம்போடு திரும்புகிறான். வகுப்பில் அவனுக்கு நிறத்தை வைத்து ஒரு பட்டப்பெயர் இருக்கும். ஆசிரியரும் சில வேளை அப்பெயரால் அழைத்துச் சிரித்திருப்பார். திருமண விளம்பரங்களும் திரைப்படங்களும் எஞ்சியதைச் செய்துவிடும். இந்தியாவில் 'பேர் அண்ட் லவ்லி' 1975-இல் விற்பனைக்கு வந்தது; அது பெண்களை நாடியது. 2005-இல் 'பேர் அண்ட் ஹேண்ட்சம்' ஆடவர்க்கெனவே வந்தது. முன்னது 2020-இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் போயிற்று, ஆசை போகவில்லை.

பெயர்பெற்ற நிறுவனங்களின் களிம்புகள் ஒருபுறம் இருக்க, இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் பெயரறியாக் குப்பிகளே பேரச்சம் தருவன. ஒரே வாரத்தில் வெளுக்கச் செய்யும் களிம்புகளில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், கடுமையான ஸ்டீராய்டு ஆகியவை கலந்திருப்பதை மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை பன்முறை கண்டறிந்து தடுத்துள்ளது. ஹைட்ரோகுவினோனை நெடுநாள் பூசினோர் முகத்தில் நீலம் பாய்ந்த கருமை படிந்ததைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1975-இலேயே எழுதினர். வெளுக்கப் பூசியது கறுக்கச் செய்தது! பாதரசம் தோலோடு நிற்பதில்லை, சிறுநீரகம்வரை செல்லும். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 சூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அப்பதினைவருள் 13 பேர் நிறக் களிம்பு பூசி வந்தவர்கள்.

இதில் இன்னும் ஒரு முரண் உண்டு. தோலின் கருநிறமி வெயிலைத் தடுக்கவே அமைந்தது. கறுப்பினத்தார் தோலின் இயற்கைக் காப்பு எஸ்பிஎஃப் 13 அளவினது எனவும், வெள்ளையர் தோலினது ஏறத்தாழ 3 எனவும் 1979-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கருநிறமியை அழித்துக்கொண்டு பண்டமாரான் வெயிலில் நிற்பவன், மழையில் தன் குடையைத் தானே கிழித்துக்கொள்பவன் ஆகிறான்.

தமிழிலக்கியம் படிப்போர்க்கு இச்செய்தி புதிதன்று. அகப்பாடல்களின் தலைவிக்கு அழகு 'மாமை'. அது மாந்தளிரை ஒத்த, கருமை சார்ந்த பொலிவு. தலைவன் பிரிந்தபோது அது கெட்டு, பீர்க்கம் பூவைப்போல் மேனி வெளிறுகிறது. அவ்வெளிறல்தான் 'பசலை', தோழியும் தாயும் அதனை நோயென்று அஞ்சினர். முல்லை நிலத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் தெய்வமோ மாயோன். பெயரிலேயே கருமை உடையவன். சங்கத் தோழி ஒருத்தி இன்றைய களிம்புக் கடைக்கு வந்தால், பசலையை விலைகொடுத்து வாங்குகிறார்களே என்று திகைப்பாள். மாமையையும் பசலையையும் தேர்வுக்கெனப் பொருள் எழுதவைக்கும் ஆசிரியர், பட்டப்பெயர் பெற்ற அம்மாணவனுக்கு அவற்றை ஒருமுறை விளக்கிச் சொன்னால் அப்பாடம் களிம்பைவிட நன்றாகப் பிடிக்கும்.

படர்தாமரைக்கும் இச்சந்தைக் களிம்புகளைத் தடவுவோர் உளர். இடைவாரின் அடியிலும் காலணியுள்ளும் வியர்வை தேங்கும் ஆடவர்க்கு இந்நோய் எளிதில் வரும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாளில் அரிப்பை அடக்கும். பூஞ்சையோ உள்ளே செழித்துப் பரவும். மருந்துக்கு எளிதில் அடங்காத பூஞ்சை வகை ஒன்று இந்தியாவில் பெருகியிருக்கிறது; 2020-இல் அதற்கு இந்தியாவின் பெயர் சேர்ந்த தனிப்பெயரே இடப்பட்டது. இத்தகைய களிம்புகளைக் கண்டபடி பூசியது அதன் பெருக்கத்துக்கு ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் கருதுகின்றனர்.

மலேசியாவில் 2008 முதல் விற்கப்படும் ஒப்பனைப் பொருள் ஒவ்வொன்றும் அரசுக்கு அறிவிக்கப்பட்டு, 'என்ஓடி' என்ற மூன்றெழுத்தில் தொடங்கும் எண்ணைப் பெற வேண்டும். அவ்வெண்ணை முகமையின் இணையத்தளத்தில் தேடிச் சரிபார்க்க இயலும். கைப்பேசி வைத்திருக்கும் மாணவனுக்கு அது ஒரு நிமிட வேலை. எண் இல்லாத குப்பியை ஏற்கெனவே பூசிவிட்டவர் பண்டமாரானிலேயே உள்ள அரசுச் சுகாதார மருத்துவ நிலையத்துக்குச் செல்லலாம். போகும்போது அக்குப்பியைத் தூக்கி எறிந்துவிடாமல் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். முகத்தைக் கண்டு மருத்துவர் ஊகிப்பதைவிட, குப்பியைக் கண்டு அறிவது மிகுதி.