தோற்றது பிள்ளையா, துடுப்பா?



வலயமட்ட மேசைப்பந்துப் போட்டிக்குப் போய்வந்த எங்கட பிள்ளைகள் "சேர், எங்களுக்கு இந்த விளையாட்டு வராது" என்கிறார்கள். கொழும்புத்துறைப் பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல நினைக்கிறோம்.

1952இல் உலகச் சாம்பியன்ஷிப் பம்பாயில் நடந்தது. அந்தக் காலத் துடுப்பு, மரப்பலகையில் புள்ளி றபர் ஒட்டியது. 'டொக்' என்ற சத்தத்தை வைத்தே எதிராளி அடித்த வேகத்தைக் கணித்துவிடுவார்கள். யப்பானிலிருந்து ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பொஞ்ச் ஒட்டிய துடுப்போடு வந்தார். சத்தமே இல்லை. பந்து எப்படி வரும் என்று பெரிய வீரர்களுக்கே பிடிபடவில்லை. ஆண்கள் ஒற்றையர் பட்டம் முதன்முதலாக ஆசியாவுக்கு வந்தது அப்படித்தான்.

1959இல் விதி வந்தது: ஸ்பொஞ்ச் வெறுமனே இருக்கக்கூடாது, மேலே றபர் வேண்டும், இரண்டும் சேர்ந்து 4 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. விளையாட்டே மாறியது அதற்குப் பிறகுதான். நல்ல றபர் பந்தை ஒரு கணம் பிடித்து வைத்திருக்கும். அதனால் நேரே அடிப்பதை விட, கீழிருந்து மேலே உரசிச் சுழற்றுவது முக்கியமாகிவிட்டது. 2000இல் பந்து 38இலிருந்து 40 மில்லிமீற்றராகப் பெருத்தது, அடுத்த வருடம் 21 புள்ளி 11 ஆனது, 2014இலிருந்து செலுலோயிட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் பந்து. (நெளிந்த பந்தைச் சுடுதண்ணியில் போட்டு நிமிர்த்திய ஆட்கள் இதை வாசித்தால் சிரிப்பார்கள்.) 38 மில்லிமீற்றர் பந்தில் பழகிய சென்னை சரத் கமல், 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் 40 வயதில் ஒற்றையர் தங்கம் வென்றார்.

எங்கட பிள்ளைகளிடம் இருப்பது, இரண்டு துடுப்பும் மூன்று பந்தும் ஒரே பெட்டியில் விற்கிற செற். றபர் காய்ந்து, தூசி படிந்து வழுக்கும். அதில் எவ்வளவு உரசினாலும் பந்து சுழலாது. சுழற்சியையே காணாத பிள்ளை போட்டியில் நல்ல றபர்காரனைச் சந்திக்கும்போது, துடுப்பை வைத்தவுடன் பந்து மேசையைத் தாண்டிப் பறக்கிறது. பம்பாயில் உலக வீரர்களே திகைத்தார்கள். பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

வெளிநாட்டு உறவுகள் வருடாவருடம் கிண்ணம் அனுப்புகிறீர்கள், நன்றி. இந்த முறை அந்தக் காசுக்கு நாலு நல்ல துடுப்பும், மாற்ற றபரும் அனுப்புங்கள். கழுவித் துடைத்து உறையில் போட்டு வைக்க நாங்கள் பழக்குவோம். அடுத்த தவணை தொடங்கியதும், இன்ஷா அல்லாஹ், பின்னேரப் பயிற்சி.