அலைமேல் ஒரு கலை

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலோரம் அமைந்துள்ளது விழிஞ்ஞம். ஆய் மன்னரும் பாண்டியரும் சோழரும் இத்துறைமுகத்தைத் தமதாக்கிக்கொள்ளப் போர்கள் பல புரிந்தனர். கி.பி. 8-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சிறு குடைவரைக் கோயில் ஒன்று இங்கே உண்டு. அதன் வாயிலின் இருபுறமும் சிவபெருமானின் திருவுருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன, அவை முற்றுப்பெறவில்லை. உளியை வைத்துவிட்டுப் போன சிற்பியின் பெயரை எவரும் அறியார்.

ஆக்கியோன் பெயர் அறியாத வேறொரு கலையும் இக்கரைக்கு உரியது. அதுவே அலையேறும் கலை. எடை குறைந்த மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். ஏறிய நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடுவதால் அது மூழ்குவதில்லை. கரை திரும்பும் மீனவர், பின்னே எழும் அலையை நோக்கியிருந்து, உரிய கணத்தில் துடுப்பை வலித்து, அதன் முதுகிலேறி மணலில் வந்து இறங்குவார். தமிழ்ச் சொல்லாகிய கட்டுமரம் ஆங்கிலத்திலும் புகுந்து, இன்று உலகெங்கும் வழங்குகிறது.

ஹவாய்த் தீவினர் பலகைமீது நின்று அலையேறினர். அவர்தம் அலைச்சறுக்கு, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. விழிஞ்ஞத்தை அடுத்த கோவளத்திலோ, பெல்ஜிய நாட்டவர் ஒருவரின் முயற்சியால் 2005-இலேயே அலைச்சறுக்குக் கழகம் தோன்றியது. மீனவச் சிறுவர்க்கு அது விதித்த நிபந்தனை ஒன்றே: பள்ளிக்குச் செல்லாதவர்க்குப் பலகை இல்லை! பாட்டன் மரத்தில் பயின்றதைப் பேரன் பலகையில் பயின்றான், ஏட்டையும் கைவிடவில்லை.

ஆயினும் இக்கலைக்கு மணற்கரை வேண்டும். சரிந்து செல்லும் மணல்மேட்டில் ஏறும்போதுதான் அலை நிமிர்ந்து உடைகிறது. மணல் போய்க் கற்சுவர் வந்தால், கட்டுமரம் ஒதுங்கவும் இடமில்லை. சிறுவன் பழகவும் இடமில்லை. கடலரிப்பால் வீடிழந்த மீனவ மக்கள், துறைமுகப் பணியே அதற்குக் காரணம் எனக் கூறி, 2022-இல் மாதக்கணக்கில் போராடினர். துறைமுகத்தார் அதை ஏற்கவில்லை. 2025 மே 2-ஆம் நாள் புதிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெருங்கப்பல்கள் வருகின்றன, நாட்டுக்கு நன்மையே. அந்நன்மையில் கரைவாழ் மக்களுக்கும் பங்கு இருத்தல் வேண்டும்.

விடுமுறையில் தாயகம் செல்லும் அன்பர்கள் விழிஞ்ஞத்தையும் காண்பார்களாக. கப்பல்களைக் கண்டு வியக்கும் நம் பிள்ளைகளுக்கு, அங்கே ஒரு கட்டுமரத்தையும் காட்டுவோம். அதன் பெயர் நம் மொழி உலகுக்கு அளித்த பெயர் என்பதையும் சொல்வோம்.