இரண்டாவது வரி

கணினிக்கு ஐபி போட உட்காரும் பலருடைய கவனம் முதல் வரியோடு நின்றுவிடும். 192.168.10.40 என்று தட்டிவிட்டு, அடுத்த கட்டத்தில் விண்டோஸ் தானாக நிரப்பித் தரும் 255.255.255.0-ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். என் கண் அந்த இரண்டாவது வரிக்குத்தான், அதாவது மாஸ்க்குக்குத்தான் போகும். முகவரி தப்பாக இருந்தால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். மாஸ்க் தப்பாக இருந்தால் பாதி வேலை நடக்கும். அதுதான் ஆளை அலைய வைக்கும்.

பாக்கெட்டை அனுப்புமுன் கணினி மாஸ்க்கை வைத்துத்தான் முடிவெடுக்கிறது: சேர வேண்டிய ஆள் என் தெருவிலேயே இருக்கிறாரா, இல்லையா? தெருவிலேயே என்றால் ஏஆர்பி மூலம் "இந்த ஐபி யாருடையது?" என்று எல்லோரிடமும் கேட்டு நேராகக் கொடுத்துவிடும். 1982-இல் எழுதிவைத்த முறை அது; ஐபிவி4-இல் இன்றும் அப்படியே. வெளியே என்றால் கேட்வேயிடம் தள்ளிவிடும்.

இருநூற்றைம்பது இணைப்புகள் போதாத அலுவலகங்களில் 192.168.10.0/23 என்று வலையை இரட்டிப்பாக்குவோம். 10-இல் தொடங்கி 11 வரை ஒரே வலை, 510 முகவரிகள். அங்கே 10-இல் உள்ள ஒரு கணினியில் மட்டும் பழைய /24, அதாவது அந்த 255.255.255.0, தங்கிவிட்டது என்று வையுங்கள். இணையம் வரும். 10-இல் உள்ள சர்வர் திறக்கும். 192.168.11.50-இல் இருக்கும் பிரிண்டர் பிங்குக்குப் பதில் சொல்லும், ஆனால் அச்சடிக்காது. கேபிளை மாற்றுவார்கள், டிரைவரை அழித்துப் போடுவார்கள். நடப்பது வேறு: கணினி அந்தப் பிரிண்டரை வெளியாள் என்று நினைத்துக் கேட்வே வழியாக அனுப்புகிறது, பிரிண்டரோ கணினியைப் பக்கத்து ஆளாகப் பார்த்து நேராகப் பதில் தருகிறது. கேட்வேயில் ஃபயர்வால் இருந்தால், உரையாடலின் ஒரு பக்கம் மட்டுமே அதன் காதில் விழும். டிசிபி இணைப்பு பாதியில் நிற்பதைக் கண்டு சந்தேகப்பட்டுத் தடுத்துவிடும். பிங்குக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் பிங் வந்ததை மட்டும் வைத்து வேலை முடிந்தது என்று நான் கையெழுத்துப் போடுவதில்லை.

மாஸ்க் தேவைக்கு மேல் அகலமாக இருந்தால் இதற்கு நேர்மாறு. தொலைவில் உள்ள கிளையைக் கணினி பக்கத்தில் இருப்பதாக நினைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பதில் சொல்ல ஆளிருக்காது.

தொலைவில் இருக்கும் லினக்ஸ் சர்வரில் முகவரியோ மாஸ்க்கோ மாற்றும்போது தப்பினால் தொடர்பே அறுந்துவிடும்; அதனால் வலை அமைக்கும் கருவியான நெட்பிளானின் 'டிரை' கட்டளை மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. 120 விநாடிக்குள் நாம் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்பையே திரும்பப் போட்டுவிடும். அதை எழுதியவர் நள்ளிரவில் டேட்டா சென்டருக்கு ஓடிய வலியை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: கருவியில் ஒட்டும் சீட்டில் முகவரியோடு /23-ஐயும் எழுதுங்கள். வலையின் இரண்டு பாதியிலும் ஒவ்வொரு கருவியைச் சோதித்துப் பாருங்கள், பிங்கால் அல்ல, உண்மையான வேலையால்: ஒரு பக்கம் அச்சடித்து, ஒரு ஃபைலை நகலெடுத்து.