பழைய மோட்டார் வண்டியின் விலை

ஒரு பொருளுக்கு விற்பவன் சொல்லும் விலையும் வாங்குபவன் மனத்திலுள்ள விலையும் வேறுபடுவது உலக வழக்கு. அரிசிக்கும் மீனுக்கும் சந்தை என்ற ஒன்று நடுவே நின்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. பழைய மோட்டார் வண்டிக்கு, அதிலும் உடைமையாளன் தன் விருப்பப்படி மாற்றியமைத்த வண்டிக்கு, அத்தகைய நடுவர் எவருமிலர். இறக்கக்கண்டியில் அண்மையில் விலை பேசப்பட்ட மொறிஸ் மைனர் ஒன்றின் கதை இதனை நன்கு விளக்கும்.

நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையில், ஒரு புறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த கிராமம் இறக்கக்கண்டி. உப்புக் காற்றுக்கு அங்கே ஓய்வில்லை. 1950களின் இறுதியில் பதிவு செய்யப்பட்ட அவ்வண்டி, விற்பவரின் தந்தையாரால் பல்லாண்டு காலம் வாடகைக்கு ஓட்டப்பட்டது. 2003ஆம் ஆண்டில் குடும்பத்து இளைஞர் ஒருவர் அதன் எஞ்சினைக் கழற்றி டட்சன் எஞ்சினைப் பொருத்தினார், அகலமான சில்லுகளைப் பூட்டினார், வண்டியைத் தாழ்த்தினார். மறு ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி கடல் ஊருக்குள் வந்தது. தந்தையார் மீளவில்லை. வண்டி ஒரு மதிற்சுவரோடு ஒதுங்கிக் கிடந்தது. பின்னர் தகரவேலை செய்து, செந்நிறம் பூசி, அதனை நிமிர்த்தி வைத்தனர். இப்போது கேட்ட விலை இருபத்திரண்டு இலட்சம் ரூபா.

வாங்க வந்தவர் திருகோணமலையில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர். ஐந்தாண்டுகள் சம்பளத்தில் கழியவிருக்கும் கடன் பணமே அவர் கையிலிருந்தது. ஆகவே வண்டியின் அழகை முதலிற் பாராது, கீழே பாய் விரித்துப் படுத்தார்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் ஆகும். அதற்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே சட்டமாகவும் நின்று பாரத்தைத் தாங்குகிறது. எனவே கதவுகளின் கீழுள்ள பக்கச்சட்டமும், முன்தளத்தின் குறுக்குச்சட்டமும், பின் வில்லுகள் பொருந்தும் இடமும் துருப்பிடித்தால் நோய் தோலில் அன்று, எலும்பில் என்றே கொள்ளல் வேண்டும். கடல்நீர் புகுந்த வண்டியில் இந்த ஐயம் இரட்டிப்பாகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருப்பது; பெட்டி போல மூடிய சட்டங்களுக்குள் அது தங்கிவிட்டால், மேலே எத்தனை பூச்சுப் பூசினும் உள்ளிருந்து இரும்பு உதிர்ந்துகொண்டேயிருக்கும். ஆசிரியர் துணியிற் சுற்றிய சிறு காந்தமொன்றை உடலெங்கும் வைத்துப் பார்த்தார். வலப்புறத்துப் பக்கச்சட்டத்தில் ஒரு முழ நீளத்துக்கு அது ஒட்டவில்லை. அங்கே இருந்தது இரும்பன்று, பள்ளத்தை நிரப்பும் பசை. முன்சில்லைத் தாங்கும் கீழ்மூட்டின் புரி தேய்ந்திருந்தது. காலந்தோறும் கிறீஸ் இடாவிடில் அம்மூட்டு கழன்று சில்லு மடிந்து விழும் என்பது மைனர் ஓட்டியோர் யாவரும் அறிந்தது; அகலச் சில்லுகள் அதற்கு மேலும் சுமையேற்றியிருந்தன.

விற்பவரின் கணக்கு வேறு. “சேர், இதுக்கு நாங்க போட்ட காசே ஒன்பது லட்சம்” என்றார் அவர்.

“நானா, போட்ட காசு போட்ட ஆளின்ட ஆசைக்கு. நிக்கிற வண்டிக்குத்தான் நான் விலை பேசலாம்” என்றார் ஆசிரியர்.

கடுமையாகத் தோன்றினும் இது நியாயமான பேச்சே. தாழ்த்திய வண்டி மணற்பாதையில் அடிதட்டும். அதை விரும்பாதவன் மீண்டும் உயர்த்தச் செலவிட வேண்டும். ஒருவனுக்கு அலங்காரமானது அடுத்தவனுக்குச் செலவு. ஆயினும் இருபத்திரண்டு இலட்சம் முழுவதும் பேராசையால் விளைந்த தொகை அன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது நாட்டிலிருந்த பழைய வண்டிகள் யாவும் விலையேறின. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தும், ஏறிய விலையின் நினைவு விற்போர் மனத்திலிருந்து இறங்கவில்லை. அதற்கும் அடியில், அலை கொண்டுபோகாது விட்டுச்சென்ற தந்தையின் வண்டி என்ற எண்ணம் இருந்தது. ஆசிரியர் அதைப் புரிந்துகொண்டார். அதற்கு விலை கொடுக்க அவரால் இயலவில்லை.

பதிவுப் புத்தகத்தைப் பார்த்தபோதே பெரிய சிக்கல் வெளிப்பட்டது. அதிலிருந்தது பழைய மொறிஸ் எஞ்சினின் இலக்கம். டட்சன் எஞ்சின் பதியப்படவேயில்லை. அத்தகைய வண்டியை வாங்குபவன் திணைக்களத்தின் படிகளையும் சேர்த்தே வாங்குகிறான். பழைய எஞ்சின் எங்கே என்று கேட்டபோது, கந்தளாயில் உறவினர் வீட்டில் சாக்கினால் மூடிக் கிடப்பதாக விடை வந்தது. உள்நாட்டில் இருந்தமையால் கடல் அதைத் தொடவில்லை. 948 கன சென்ரிமீற்றர் கொண்ட அச்சிறு எஞ்சினை எளிதாக எண்ணலாகாது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்து மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியமைக்கு இத்தகைய பழைய எஞ்சின்களின் பொறுமையே காரணம்.

ஆசிரியர் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினார். மாற்றமின்றி நல்ல நிலையிலுள்ள மைனருக்கு அவர் அறிந்த விலை பதினைந்து இலட்சம். சட்டங்களை வெட்டி ஒட்டவும் மூட்டுகளை மாற்றவும் ஆறு; எஞ்சினை மீளப் பொருத்தி வண்டியை உயர்த்த இரண்டு. மிஞ்சுவது ஏழு. அதுவும் கந்தளாய் எஞ்சின் வந்தால் மட்டுமே. வராவிடில் அவர் வண்டியை வாங்குவதாயில்லை.

விற்பவர் நெடுநேரம் தாளைப் பார்த்திருந்தார். பத்து என்றார். பின்னர், கழற்றி வைத்த பழைய சில்லுகளையும் தந்தையார் பிடித்த ஸ்ரியறிங்கையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லி, ஏழரைக்கு இணங்கினார். இரு கிழமைகள் கழித்துக் கந்தளாயிலிருந்து லொறியில் எஞ்சின் வந்திறங்கியது. அதன் இலக்கத் தகட்டிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வோர் எண்ணாக ஒப்புநோக்கிய பின்னரே ஆசிரியர் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.